ஏற்றுமதித் தரப் பூட்டு

அவளுடைய குரல் ஒரு முழத்துக்கு மேல் போகாது. அளந்து வைத்த குரல். எதிரில் நிற்பவருக்குக் கேட்கும். அவருக்குப் பின்னால் நிற்பவருக்கு உதடு அசைவது மட்டும் தெரியும். பஸ் ஹோர்னும் கோயில் ஸ்பீக்கரும் மரக்கறிக்காரர்களும் ஒரே நேரத்தில் பேசுகிற ஹட்டன் மெயின் ரோட்டில், இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு அவள் எப்படி வெங்காயம் வாங்கினாள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கடைக்காரர் குனிவார். அவள் இன்னும் தாழ்த்துவாள். அவர் இன்னும் குனிவார். கடைசியில் இரண்டு பேரும் வெங்காயக் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள், திருட்டு நகை கைமாறுகிற மாதிரி.

"அரைக்கிலோ வெங்காயத்துல என்ன ரகசியம்?" என்பேன்.

"ரகசியம் ஒண்ணும் இல்ல புள்ள. ஆனா அது யார் யாருக்குக் கேக்கணும்னு நாந்தானே முடிவு பண்ணணும்."

தோட்டங்கள் பலவற்றை நடத்துகிற ஒரு கம்பெனியின் வட்டார ஆபீசில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். நான் நலன்புரிப் பிரிவில்: வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் எத்தனை குழந்தைகள், எந்தத் தோட்ட டிஸ்பென்சரிக்கு என்ன மருந்து, யார் யாருக்குச் சிகிச்சை என்று வருகிற பட்டியல்களை ஒழுங்குபடுத்துவேன். அவள் அந்தப் பட்டியல்கள் வந்து சேருகிற கம்பிகளுக்குப் பொறுப்பு. எல்லாரும் அவளை "நெட்வேர்க் மிஸ்" என்றார்கள். தோட்டத்து ஆட்கள் அதைச் சுருக்கி "நெட்டு மிஸ்" என்றார்கள். குள்ளமான உடம்பு, முழங்கால் வரை தொங்குகிற சாம்பல் நிற ஸ்வெட்டர், மழைக்குப் பயந்து உரப்பையால் தைத்துப் போட்ட லேப்டாப் உறை. பார்த்தால் யூரியா சுமந்து போகிறவள் என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும் என்பாள். "உள்ள என்ன இருக்குன்னு உறை சொல்லக்கூடாது. அதுதான் நல்ல உறை."

போர்டிங்கில் ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தோம். வந்த முதல் நாளே பலகைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் யாரு?"

"ஒரு டீச்சர்."

"மூக்குச் சிந்துறாங்க. கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப நாம சிந்துறதும் அவங்களுக்குக் கேக்கும்." அன்றைக்கே தன்னுடைய இரண்டு போர்வைகளில் ஒன்றைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். ஹட்டன் குளிரில் ஒற்றைப் போர்வையோடு மூன்று வருஷம் நடுங்கினாள். டீச்சருக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாமலே போனது. தெரிந்துகொள்ளவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

அவள் வட்டவளைப் பக்கத்தில் ஒரு லயத்தில் பிறந்தவள். ஆறு காம்பரா, ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு நடுச்சுவர் இருக்கும். ஆனால் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் வெறும் காற்று. முதல் காம்பராவில் தும்மினால் ஆறாவதில் "நூறாயுசு" என்பார்கள். புருஷன் பெண்சாதி சண்டைக்கு நாலாவது வீட்டிலிருந்து தீர்ப்பு வரும். சுவர் இருக்கிறது, சுண்ணாம்பு அடித்திருக்கிறது, சாமி படம் மாட்டியிருக்கிறது. சத்தத்துக்கு மட்டும் சுவர் இல்லை.

அதை அவள் நெட்வேர்க்குக்கு உவமையாகச் சொன்னாளா, இல்லை நெட்வேர்க்கை லயத்துக்கு உவமையாகச் சொன்னாளா என்று எனக்கு எப்போதும் குழப்பம். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு முறை நுவரெலியாவிலிருந்து ராகலைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். பேசிக்கொண்டே வந்தவர்கள் திடீரென்று பாஷையை மாற்றினார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' போட்டுப் பேசுவோமே, பள்ளிக்கூடத்து விளையாட்டு, அந்தக் 'க' பாஷை. "கஅகவ கபுகருகஷன்" என்று ஆரம்பித்து யாரோ ஒருத்தியின் புருஷனை உரித்துத் தொங்கவிட்டார்கள். பஸ் முழுக்கக் கேட்கிற சத்தத்தில். பாஷை பூட்டியிருக்கிறது என்கிற தைரியம். கண்டக்டர் காதைத் தீட்டிக்கொண்டு டிக்கெட் கிழித்தார். பின்சீட்டு ஆச்சி பொக்கை வாயால் சிரித்தார். பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்த பாஷை. எல்லாருக்கும் தெரியும் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியவில்லை.

இவள் குனிந்து, அவர்கள் தோளுக்கு நடுவில், ஒரு முழக் குரலில் சொன்னாள்: "கராகககலை."

இரண்டு பெண்களும் உறைந்துபோனார்கள். பஸ் ராகலைச் சந்தியில் நின்றது. அவர்கள் இறங்க வேண்டிய இடம் அதுதானா, வெட்கத்தில் இறங்கினார்களா, தெரியவில்லை.

நான் சிரித்துச் சிரித்து விக்கினேன். அவள் சிரிக்கவில்லை. "பாவம் புள்ள. சும்மா பேசியிருந்தா இவ்ளோ பேசியிருக்க மாட்டாங்க," என்றாள்.

அவள் சிரிக்காததன் காரணம் எனக்கு வேறொரு நாள்தான் கிடைத்தது. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தோம். நான் தட்டிக் கொடுக்க, அவள் திருப்பிப் போட்டாள்.

அவளுடைய அம்மாவும் கூட்டாளிகளும் கொழுந்தெடுக்கும்போது இதே 'க' பாஷைதான் பேசுவார்களாம். நிரையின் கடைசியில் கங்காணி நிற்பார். அவர் காதுபடவே அவரைப் பற்றிப் பேசுவார்கள். அவருடைய மீசை, அவருடைய கால்சட்டை, எல்லாம். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள், பிள்ளைக்காம்பராக் கூரை ஒழுகுவதைப் பற்றி, மறுநாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு வந்ததும் எல்லாரும் சேர்ந்து துரையிடம் போய் நிற்பது என்று அந்தப் பாஷையிலேயே முடிவு செய்தார்கள். மறுநாள் விடிந்தது. பெரட்டில் பேர் கூப்பிட்ட கங்காணி, ஒருத்தியை மேல் மலைக்கு, ஒருத்தியை ஆற்றோரத்துக்கு, ஒருத்தியைப் புல் வெட்ட என்று சிதறடித்துவிட்டார். மூன்று பேர் சேர்ந்து நிற்க முடியாதபடி.

"கங்காணிக்குத் தெரியுமா அந்தப் பாஷை?"

"அவங்கம்மாவும் கொழுந்தெடுத்தவங்கதானே. தொட்டில்லயே கேட்டு வளர்ந்திருப்பாரு. பத்து வருஷமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, மூஞ்சியில ஒரு சுருக்கம்கூடக் காட்டாம நின்னிருக்காரு." ரொட்டியைத் திருப்பினாள். "அது பரவால்ல புள்ள. எங்கம்மா என்ன நெனச்சாங்க தெரியுமா? பாஷ உடைஞ்சிருச்சுன்னு நெனைக்கல. பக்கத்துக் காம்பரா அக்காதான் போய்ச் சொல்லிட்டாங்கன்னு நெனச்சாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வயசுக்கு வந்தவங்க. அதுக்கப்புறம் ஏழு வருஷம் பேச்சில்ல. நடுச்சுவருக்கு மேல ஒரு முழம் காத்து. ஒருத்தர் அழுறது ஒருத்தருக்குக் கேக்கும். பேச்சு மட்டும் இல்ல."

ரொட்டி கருகிவிட்டது. அவளே கருகினதை எடுத்துக்கொண்டாள்.

"பூட்டு இல்லைன்னா வாய மூடிக்கிட்டு இருப்போம். இருக்குன்னு நம்பித்தானே பேசுறோம். ஓட்டப் பூட்டு ரொம்பப் பொல்லாதது."

இப்போது அவள் எந்த நாட்டிலோ ஒரு ஆஸ்பத்திரியின் கம்பிகளைக் காவல் காக்கிறாள். பிறந்தநாளுக்கு ஒரு செய்தி வரும், இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையும் எந்த வழியாக வந்தது என்று கேட்டால் அரை மணி நேரம் விளக்குவாள். அதனால் நான் கேட்பதில்லை.

ஆனால் ஹட்டனில் இருந்தபோது ஒரு தடவை கேட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணியெல்லாம் ஊறப்போட்டுவிட்டு அவள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். என்ன செய்கிறாய் என்றேன்.

"நம்ம பூட்ட நானே உடைச்சுப் பாக்குறேன்."

டிஸ்பென்சரிகளிலிருந்து எனக்கு வருகிற பட்டியல்கள் வெறும் எழுத்தாக வருவதில்லை, மறைகுறியாக்கித்தான் வருகின்றன. அது எனக்குத் தெரியும், திரையில் சின்னப் பூட்டுப் படம் ஒன்று வரும். எனக்குத் தெரியாதது, பூட்டில் வகை உண்டு என்பது. இரண்டு மெஷின்கள் பேசத் தொடங்கும் முன்னால் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளுமாம்.

"நீ கண்டி ரோட்டுல புதுசா ஒரு ஆளப் பாக்குறன்னு வையி. அவரு சொல்றாரு, எனக்கு இங்கிலீஷ் வரும், சிங்களம் வரும், தமிழ் வரும்னு. உனக்கு எது வருமோ அதுல பேசுற. மெஷினும் அப்பிடித்தான். எனக்கு இந்த இந்த சைஃபர், அதான் பூட்டுற முறை, தெரியும்னு ஒண்ணு பட்டியல் போடும். மத்தது அதுல நல்லதா ஒண்ண எடுக்கும்."

"நல்லதுதானே."

"நடுவுல ஒரு ஆள் உக்காந்திருக்கான். பட்டியல்ல இருக்க நல்லதயெல்லாம் அடிச்சிட்டு, 'இவருக்கு அந்தக் காலத்து ஓட்ட சைஃபர் மட்டுந்தான் வருமாம்'னு சொல்லி அனுப்புறான். நம்ம சேர்வர் மரியாதக்காரன். சரி பாவம், வயசானவர் போலன்னு நெனச்சு, அதே ஓட்டப் பாஷையில பேச ஆரம்பிச்சிரும். நடுவுல இருக்கவன் உக்காந்து கேப்பான்."

"நம்ம சேர்வருக்கு அந்தப் பாஷய மறக்க வெச்சிரேன்."

"அதத்தான் ரெண்டு வருஷமா கேக்குறேன். ஒரே ஒரு டிஸ்பென்சரி மெஷினுக்கு அது மட்டுந்தான் தெரியும். பூண்டுலோயாவுக்கு மேல. அந்த ஒண்ணுக்காகத் தொறந்து வெச்ச கதவு. அது வழியா எல்லாரையும் அந்த ஓட்டப் பாஷைக்குக் கீழ எறக்கலாம்."

சோதனைக்காக, உலகத்தில் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஒரு பேர் வைத்து, இல்லாத ஒரு வியாதியைக் கொடுத்து, அந்தப் பழைய சைஃபரில் பூட்டி அனுப்பியிருந்தாள். நான் துணிகளை அலசிப் பிழிந்து கொடியில் போட்டேன். ஹட்டனில் ஒரு சட்டை காய மூன்று நாளாகும். முதல் சட்டையில் தண்ணீர் சொட்டி நிற்பதற்குள் உள்ளே இருந்து கூப்பிட்டாள். இல்லாத பெண்ணின் இல்லாத வியாதி திரையில் பளிச்சென்று இருந்தது.

நான் தினமும் வாங்கி ஒழுங்குபடுத்துகிற பட்டியல்களில் இருப்பவர்கள் எல்லாரும் இருக்கிற பெண்கள்.

நீளமான கடிதம் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு மேனேஜர் ஐயாவிடம் போனாள். நானும் கூடப் போனேன், அவள் குரல் அவருக்குக் கேட்காவிட்டால் திருப்பிச் சொல்ல. ஐயா தேயிலை ருசி பார்க்கும் வேலையிலிருந்து படிப்படியாக மேலே வந்தவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் லேசாக முகர்ந்துவிட்டுத்தான் படிப்பார். படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். அந்தப் பழைய சைஃபரின் முழுப் பேர் அங்கே இருந்தது.

"இதுல எக்ஸ்போர்ட்னு போட்டிருக்கே, மிஸ்."

"ஆமாங்க ஐயா. அதத்தான் நிறுத்தணும்னு..."

"எக்ஸ்போர்ட் தரத்த நிறுத்திட்டு?" கண்ணாடியைக் கழற்றினார். "லோக்கல் போடப் போறீங்களா?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள். ஒரு காலத்தில் ஒரு பெரிய நாடு, தன் சனங்களுக்கு நல்ல பூட்டை வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக்கு விற்கிற பூட்டின் சாவியை மட்டும் வேண்டுமென்றே சின்னதாக்கி அனுப்பியது. வேண்டும்போது தான் திறந்து பார்க்கலாம் என்று. அதற்குத்தான் ஏற்றுமதித் தரம் என்று பேர்.

ஐயாவால் நம்ப முடியவில்லை. முப்பது வருஷம் நாக்கில் வைத்துப் பார்த்தவர் அவர். முதல்தரம் கப்பலேறும், தூள் நமக்கு. இதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். தூளை ஏற்றுமதிக்கென்றே தயாரித்து, அதற்கு நல்ல பேரும் வைத்து அனுப்புகிற ஒரு வியாபாரம் இருக்கும் என்று அவருடைய நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"இத்தன வருஷமா ஓடுதுல்ல. ஒரு கம்ப்ளெய்ண்ட் உண்டா? யோசிப்போம்," என்று கடிதத்தை மடித்தார்.

"பூட்டு உடைஞ்சா சத்தம் வரும்னு நெனைக்கிறாரு," என்றாள் படியிறங்கும்போது.

சரி, அந்த ஒரு மெஷினையே போய்ப் பார்ப்போம் என்று ஒரு புதன்கிழமை பூண்டுலோயாவுக்குப் போனோம். கடைத்தெருவில், போன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் ஆட்கள் வருகிற ஒரு கொமினிகேஷன் கடை. அதன் கூரையில் இருந்த அண்டெனா வழியாகத்தான் மேலே தோட்டத்துக்கு நெட் போகிறது. கடைக்காரர் நல்ல மனிதர், பிளேன்டீ கொடுத்தார். சாமான் சுற்றி வந்த பழைய பேப்பரைக்கூட விரித்து முழுக்க வாசித்துவிட்டுத்தான் போடுகிற வகை. மேசைக்கடியில் மினுக் மினுக் என்று எரிகிற பெட்டியைக் காட்டினார்.

"டிஸ்பென்சரியில டாக்டர் ஐயா ஒரு எழுத்து அடிச்சாலும் இது வழியாத்தான் போகணும், மிஸ். நம்ம தம்பி சம்சாரமும் அந்தத் தோட்டந்தான்."

மலையேறும்போது நான் கேட்டேன். "இவரு ஒட்டுக் கேப்பாரா?"

"இவருக்கு முடியாது. முடிஞ்சவன் ஒருத்தன் அந்தக் கடையில ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் உக்காந்தா போதும். கேட்டத இவருகிட்ட சொல்லிட்டுப் போனான்னா, சந்தோஷமாக் கேட்டுக்குவாரு."

டிஸ்பென்சரியில் டாக்டர் ஐயா எங்களைக் கண்டதும் கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் உறையைப் பூப்போல எடுத்தார். மொனிட்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டு, வெள்ளிக்கிழமை வைத்தது, இன்னும் உதிரவில்லை. அந்த மெஷினை மாற்றலாமா என்று இவள் பேச்செடுத்ததும், பெண் கேட்டு வந்தவர்களிடம் பேசுகிற முகத்தோடு, "இப்ப என்ன அவசரம்," என்றார்.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிய படங்குத் துணி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானக் கொழுந்தை எடை போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறாள். நாங்கள் நிற்பதைப் பார்த்துத் தயங்கினாள். "ஆபீஸ் மிஸ்மாருங்கதான், சொல்லு," என்றார் ஐயா.

மூன்று பெண் பிள்ளைகள். வீட்டில் மாமியார் நாலாவதுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். இவளுக்கு உடம்பு தாங்காது. மூன்று மாசத்துக்குப் பிள்ளை தங்காத ஊசி போட்டுக்கொள்ள வந்திருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது. சத்து ஊசி என்று சொல்லிக்கொள்வாள்.

ஐயா விசைப்பலகைக்குத் திரும்பினார். அந்தப் பெண் மெஷினைப் பார்த்தாள்.

"இதுல எழுதுனா எங்கங்க போகும்? எங்க வீட்டுக்காரரு அண்ணன் கட வழியாத்தான் போகுதாமே. தெரிஞ்சா என்னைய வீட்டுல வெக்க மாட்டாங்க, ஐயா."

"அட, பூட்டித்தான் போகுது. இங்க பாரு." திரையின் மூலையில் இருந்த சின்னப் பூட்டை விரலால் தொட்டுக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. நம்பினார்.

அந்தப் பெண் கிட்ட வந்து குனிந்து பூட்டைப் பார்த்தாள். கோயிலில் விளக்கைப் பார்க்கிற மாதிரி. பிறகு நிமிர்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்: பேர், காம்பரா இலக்கம், கடைசிப் பிள்ளையின் வயசு.

எனக்குப் பக்கத்தில் நின்றவளைக் காணவில்லை. மேசைக்குக் கீழே இருந்து உரப்பை உறை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். திரையிலிருந்து பூட்டு மறைந்துவிட்டது.

"லூசா இருந்துச்சுங்க ஐயா," என்று எழுந்து வந்தாள். கையில் கம்பி, சுருட்டி முடிந்தாகிவிட்டது. "கொஞ்ச நாளைக்குப் பேப்பர்ல எழுதி உறையில போட்டு ஒட்டி வெச்சிருங்க. புதன்கிழம புதன்கிழம நானே வந்து எடுத்துக்குறேன்."

அன்று சாயங்காலம் ஆபீசுக்கு வந்து, சேர்வரிலும் அந்தப் பழைய பாஷையை மறக்க வைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள், "பசிக்குது, கொத்துரொட்டி வாங்குவமா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. மேனேஜர் ஐயா, மலையிலிருந்து வரவழைத்த டாக்டர் ஐயா, அவள், குறிப்பெழுத நான். அனுமதி இல்லாமல் கம்பெனி இணைப்பைத் துண்டித்ததற்கு விளக்கம் கேட்டார்கள். அவள் இல்லாத பெண்ணின் இல்லாத வியாதியைக் காட்டினாள். மேனேஜர் ஐயா கையை ஆட்டினார்.

"இது நீங்களே செஞ்ச சோதன. உண்மையில யாருக்குப் பாதிப்பு? ஒரு பேர் சொல்லுங்க. ஒரே ஒரு கேஸ். நான் இப்பவே விட்டுர்றேன்."

டாக்டர் ஐயா தன் சப்பாத்தைப் பார்த்தார். அவருக்குப் பேர் தெரியும். எனக்கும் தெரியும். காம்பரா இலக்கம்கூடத் தெரியும். என் பேனா நின்றுவிட்டது. அந்தப் பேரைச் சொன்னால் இவள் வேலை தப்பும். ஐயாவுக்கு அது ஒரு கேஸ். கூட்டக் குறிப்பில் ஒரு வரி. ஆபீசில் ஏழு பேர் வாசிப்பார்கள்.

"பேர் சொல்றதுக்கா ஐயா இவ்வளவும் செஞ்சேன்? சொல்றதா இருந்தா அந்தக் கம்பியே சொல்லிட்டுப் போயிருக்குமே."

"அப்ப ஆதாரம் இல்ல."

"இருக்குங்க." ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். "ஐயா பங்களாவுல இருந்து வர்ற மெயிலும் இதே சேர்வருக்குத்தான் வருது. இதே கதவுதான். எல்லாரும் இருக்காங்க. இங்கயே வாசிக்கட்டுங்களா, தனியாப் பாக்குறீங்களா?"

ஐயா தாளைப் பார்த்தார். தொடவில்லை. முகர்ந்தும் பார்க்கவில்லை. முப்பது வருஷத்தில் அவர் முகராமல் விட்ட காகிதம் அது ஒன்றாகத்தான் இருக்கும். பிறகு அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பழைய சைஃபரை நிறுத்தவும், டிஸ்பென்சரிக்குப் புது மெஷின் வாங்கவும் கையெழுத்துப் போட்டார். துண்டித்ததற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார், கௌரவத்துக்கு.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்தேன். "அடி பாவி. அவரு மெயிலத் தொறந்து படிச்சியா?"

"சீ. அத நான் படிப்பனா?"

"அப்ப அந்தத் தாளுல?"

"இந்த வாரச் சாமான் லிஸ்ட். சீனி, சவுக்காரம், வெந்தயம்." சட்டென்று நின்றாள். "புள்ள, லிஸ்ட் போயிருச்சே. வேற என்ன எழுதியிருந்தோம்?"

அதற்குப் பிறகு ஐயா அவளை நடைபாதையில் பார்க்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பார். கோபமா, மரியாதையா, வெந்தயமா என்று பிரிக்க முடியாத பார்வை. அடுத்த வருஷம் அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டவில்லை. அது தனிக் கதை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

புது மெஷின் வரும்வரை புதன்கிழமைகளில் உறைகள் அவள் மடியில்தான் மலையிறங்கின. மூன்றாவது புதன், லீவு போட்டு நானும் போனேன். இறங்கி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கொமினிகேஷன் கடையில் ஒதுங்கினோம். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணும் நனைந்துகொண்டே வந்தாள், கையில் கடைசிப் பிள்ளை. எங்களைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது.

"நீங்கதானே மிஸ் அன்னைக்கு வந்து மெஷினக் கெடுத்தது?"

கடைக்காரர் காதை நீட்டினார். "அப்பிடிக் கேளு. நம்ம பெட்டி லைட்டெல்லாம் நல்லாத்தான் எரியுது, மிஸ். மேல நெட் இல்லன்னு எல்லாரும் என்னையத்தான் ஏசுறாங்க."

"டாக்டர் ஐயா எல்லாத்தயும் கையால எழுதுறாரு," என்றாள் அந்தப் பெண். "ஒரு ஆளுக்கு அர மணித்தியாலம். புள்ளயத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னு காலு வீங்கிருச்சு. நல்லா பூட்டிக்கிட்டு ஓடிக்கிட்டிருந்த மெஷினு. தெரியாட்டிப் போனா தொடாம இருக்க வேண்டியதுதானே?"

"நீ எதுக்குப் போன அங்க?" என்றார் கடைக்காரர், சும்மா, பேச்சோடு பேச்சாக.

"சத்து ஊசி போட்டாங்கல்ல. அதுக்கு ஒடம்பு நெற பாக்க." பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். குரலில் ஓர் இழைகூட நடுங்கவில்லை.

எனக்கு வாய் துறுதுறுத்தது. அவள் என் காலை மிதித்தாள்.

"என்னோட தப்புதாங்க, அக்கா," என்றாள். கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "தெரியாமத் தொட்டுட்டேன். சீக்கிரம் சரி பண்ணித் தர்றேன்."

"சரி பண்ணுங்க," என்று அந்தப் பெண் பிள்ளையை இடுப்பு மாற்றினாள். "படிச்சவங்க, சொல்லவா வேணும்."

பஸ்ஸில் ஏறியும் எனக்கு ஆறவில்லை. "வெளிய தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. யாருக்காக வேல போற அளவுக்கு நின்னியோ, அவங்க வாயாலயே ஏச்சு."

"சொன்னா பயந்துருவாங்க புள்ள. பயந்தா அடுத்த ஊசிக்கு வர மாட்டாங்க."

ஜன்னல் கண்ணாடி புகைந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. மடியில் இருந்த உறையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, விரல்களை மடக்கித் தனக்குள் எண்ணினாள். மாசி, பங்குனி, சித்திரை.

"சித்திர பொறக்குறதுக்குள்ள அந்த மெஷின் மேல ஏறிரணும். நாளைக்கு மொத வேலையா ஸ்டோர்ஸ்ல போய்க் கத்து," என்றாள். "உனக்குத்தான் நல்ல குரல்."